கடைத் தராசு கணினியிலிருந்து அடிக்கடி கழன்றுகொள்கிறது (யூஎஸ்பி சீரியல்)

5 அக்டோபர் 2024, சனி, இரவு 11.48

சிஎச்340 சிப் வைத்த யூஎஸ்பி சீரியல் கன்வெர்ட்டர் (பழைய சீரியல் போர்ட் கருவிகளைக் கணினியின் யூஎஸ்பியோடு இணைக்கும் சின்னச் சாதனம்) லினக்ஸுக்கு ஒத்துவராது. இது என் முடிவு. மறுப்பவர்கள் மறுக்கலாம், முதலில் கதையைக் கேளுங்கள்.

சிங்கப்பூரில் தேக்கா பக்கம் மாமாவுக்கு ஒரு மளிகைக் கடை. கல்லாவில் ஒரு சின்னக் கணினி, அதில் ஓடுவது உபுண்டு 22.04 என்ற லினக்ஸ். தராசின் பின்னால் ஒன்பது ஊசி சீரியல் போர்ட். அதில் கன்வெர்ட்டர், அதிலிருந்து மூன்று மீட்டர் யூஎஸ்பி வயர், அது பல யூஎஸ்பி துளைகள் உள்ள ஒரு ஹப்பில், ஹப் கணினியில். தரவு வேகம் வினாடிக்கு 9600 பிட். தராசு வினாடிக்குப் பல தடவை எடையை அனுப்பிக்கொண்டே இருக்கும். நான் பைத்தானில் எழுதிய பில் புரோகிராம் அதை வாங்கித் திரையில் காட்டும். ஜூலையிலிருந்து ஓடுகிறது.

இன்று புரட்டாசிச் சனி, கடையில் நிற்க இடமில்லை. சின்ன வெங்காயத்தை வைத்தபோது திரையில் 1.240 கிலோ. அதை எடுத்துவிட்டு முருங்கைக்காய் வைத்தாலும் 1.240. கறிவேப்பிலைக்கும் 1.240. வரிசையில் நின்ற அம்மா ஒருவர், "என்ன தம்பி, இன்னிக்கி எல்லாமே ஒண்ணேகால் கிலோவா?" என்று கேட்டுவிட்டார். தராசின் முகப்பில் சரியான எடை தெரிந்ததால் தப்பித்தோம்.

மாமா கணினியை அணைத்துப் போடுவார், சரியாகிவிடும். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை இந்தக் கூத்து. தீபாவளிக்கு 26 நாள் இருக்கிறது. எந்தச் சிப் வாங்குவது, அதை மட்டும் சொல்லுங்கள்.

6 அக்டோபர், காலை 9.15

இதைப் படித்துவிட்டு ஈசூனிலிருந்து பதில் எழுதிய அண்ணன், பிஆர்எல்டிடிஒய்யைப் பார்த்தாயா என்று கேட்கிறார். பார்த்தேன் அண்ணே, ஜூலையிலேயே. தெரியாதவர்களுக்கு: அது பார்வையற்றோருக்கான பிரெய்ல் திரைகளை இயக்கும் மென்பொருள். சில பிரெய்ல் திரைகளுக்கும் சிஎச்340க்கும் ஒரே அடையாள எண், 1ஏ86, 7523. அதனால் உபுண்டு 22.04இல் கன்வெர்ட்டரைச் செருகியதும் பிஆர்எல்டிடிஒய் ஓடிவந்து "இது என்னுடையது" என்று பிடுங்கிக்கொள்ளும். கன்வெர்ட்டருக்கு லினக்ஸ் வைக்கும் பெயரான டிடிஒய்யூஎஸ்பி0 தோன்றிய வேகத்தில் மறைந்துவிடும். பிரெய்ல் திரை இல்லாத கணினி என்றால் அந்த மென்பொருளை நீக்கிவிடலாம். நான் நீக்கிவிட்டேன்.

அது செருகிய நொடியில் வரும் வியாதி. என்னுடையது மணிக்கணக்கில் நன்றாக ஓடி, பிறகு விட்டுப்போகும் வியாதி. பெயர் ஒன்றுபோல் இருந்தாலும் மருந்து வேறு.

6 அக்டோபர், மதியம் 1.30

நேற்று "பத்துத் தடவை" என்று எழுதியது மாமாவின் கணக்கு. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் எழுதிவைக்கும் பதிவைத் திறந்து, இணைப்பு எத்தனை தடவை அறுந்தது என்று எண்ணினேன். வார நாட்களில் மூன்று, நான்கு. போன சனி ஒன்பது. நேற்று பதினொன்று. மாமா பொய் சொல்லவில்லை, சனிக்கிழமையை மட்டும் ஞாபகம் வைத்திருக்கிறார்.

இன்னொன்று. இணைப்பு அறுந்து ஒரு வினாடிக்குள் கன்வெர்ட்டர் தானே திரும்பி வந்துவிடுகிறது. ஆனால் டிடிஒய்யூஎஸ்பி0 என்ற பெயரில் அல்ல, டிடிஒய்யூஎஸ்பி1 என்று. என் புரோகிராம் செத்துப்போன பழைய 0வைக் கையில் பிடித்துக்கொண்டே இருக்கிறது. அது விடாததால் கெர்னல் அந்த எண்ணைத் திருப்பிக் கொடுக்க முடியாமல் அடுத்த எண்ணைக் கொடுக்கிறது. கணினியை அணைத்துப் போட்டால் சரியாவதன் ரகசியம் இவ்வளவுதான்.

9 அக்டோபர், இரவு 10.20

ரோச்சோரில் இறங்கி சிம் லிம் டவரில் எஃப்டிடிஐ என்ற வேறு கம்பெனியின் சிப் வைத்த கன்வெர்ட்டர் ஒன்று வாங்கினேன். இருபத்துச் சொச்சம் வெள்ளி. நேற்றுக் காலை மாட்டினேன். நேற்று மூன்று தடவை அறுந்தது, இன்று நான்கு.

சரி. முதல் பதிவில் சிஎச்340ஐப் பற்றி எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். அந்தச் சிப்புக்குக் காது இருந்தால் மன்னிப்பும் கேட்டுக்கொள்கிறேன்.

பிடோக்கிலிருந்து எழுதும் தம்பி, "நீங்கள் வாங்கியது போலி எஃப்டிடிஐயாக இருக்கும்" என்கிறார். இருக்கலாம். 2014இல் எஃப்டிடிஐ கம்பெனியின் விண்டோஸ் டிரைவர் போலிச் சிப்களின் தயாரிப்பு எண்ணைச் சுழியமாக்கி முடக்கியது, பெரிய சண்டையாயிற்று. ஆனால் இங்கே ஓடுவது லினக்ஸ். அதோடு, இரண்டு வேறு கம்பெனிச் சிப்பும் ஒரே மாதிரி ஒரு நாளைக்கு நாலு தடவை மயக்கம் போட்டு விழுந்தால் சந்தேகம் சிப்பின் மேல் வரக் கூடாது, இரண்டும் உட்கார்ந்திருந்த இடத்தின் மேல் வர வேண்டும். இது எனக்கு இன்று பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது.

காசு வீணாகவில்லை. எஃப்டிடிஐக்குள் தனித்தனி வரிசை எண் இருக்கிறது, சிஎச்340க்குள் பொதுவாக இல்லை. அதன் பயன் பின்னால் தெரியும்.

11 அக்டோபர், இரவு 11.05

இன்று கடையில் ஆயுத பூசை. தராசுக்குச் சந்தனம், குங்குமம். கணினிக்கும் வைத்தார் மாமா. பார்கோடு ஸ்கேனருக்கும் வைத்தார். நான் திரும்புவதற்குள் கன்வெர்ட்டரின் வாயிலும் ஒரு பொட்டு. ஈரச் சந்தனம். பஞ்சை வைத்துத் துடைத்து எடுக்கக் கால் மணி நேரம் ஆனது. "அதுதான மாப்ளே மக்கர் பண்ணுது, அதுக்குத்தான் மொதல்ல வைக்கணும்" என்றார். வாதத்தில் குறை சொல்ல முடியவில்லை.

இந்த வாரம் செய்துபார்த்து ஒன்றும் நடக்காதவை: ஹப்பைத் தூக்கிவிட்டு நேராகக் கணினியில் செருகினேன். சாதனத்தைத் தூங்கவைக்கும் ஆட்டோசஸ்பெண்ட் வசதியை நிறுத்தினேன். யோசித்திருந்தால் இதைச் செய்திருக்கவே வேண்டாம். அந்த வசதி வழக்கமாக இரண்டு வினாடி சும்மா இருக்கும் சாதனத்தைத்தான் தூங்கவைக்கும், எங்கள் தராசு அரை வினாடிகூடச் சும்மா இருப்பதில்லை.

மின்சாரம் போதவில்லையோ என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். யூஎஸ்பி 2.0 போர்ட் ஒன்று 500 மில்லிஆம்பியர் வரை கொடுக்கும். கன்வெர்ட்டர் தின்பது அதில் ஒரு சிறு துளி. தராசுக்குத் தனி அடாப்டர் இருக்கிறது. எனவே அதுவும் இல்லை.

12 அக்டோபர், இரவு 11.59

கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைக்கிறேன். எழுதாமல் தூக்கம் வராது.

காலை எட்டு மணியிலிருந்து கல்லாவுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். மடிக்கணினியில் கடைக் கணினியின் கெர்னல் பதிவு ஓடிக்கொண்டே இருந்தது. மாமா தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஒவ்வொரு தடவை எடை நின்றுபோகும்போதும் நேரத்தைக் குறித்துக்கொண்டே வந்தார். 9.12, 9.40, 9.43, 10.05. நான் எதையும் தொடவில்லை.

10.31க்குப் பதிவில் இதுவரை நான் கவனிக்காத ஒரு வரி வந்தது. ஹப் இந்த போர்ட்டை முடக்கிவிட்டது, இஎம்ஐ, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி, மறுபடி இயக்குகிறேன் என்று. (கணினியின் சொந்தத் துளைகளையும் கெர்னல் ஹப் என்றே சொல்லும்.) இஎம்ஐ என்றால் மின்காந்தக் குறுக்கீடு. கேள்விக்குறி நான் போட்டதல்ல, கெர்னலே போட்டுக்கொள்வது. அதற்கும் சந்தேகம்தான்.

அந்த வரியைப் படித்துவிட்டு நிமிர்ந்தேன். எதிரில் கடைப் பையன் தேங்காய்த் துருவும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, தேங்காய்ப்பூவைப் பைக்குள் தட்டிக்கொண்டிருந்தான்.

அப்புறம் நான் பதிவைப் பார்ப்பதை விட்டுவிட்டுத் தேங்காயைப் பார்க்க ஆரம்பித்தேன். யாராவது தேங்காய்ப்பூ கேட்பார்கள். பையன் மூடியை அழுத்திப் பிடிப்பான், மோட்டார் உறுமும், ஒன்றும் ஆகாது. சுவிட்சை அணைப்பான். பெரும்பாலும் அப்போதும் ஒன்றும் ஆகாது. ஆனால் இன்று அறுந்த பதின்மூன்று தடவையில் நான் பார்த்துக்கொண்டிருந்த ஒன்பதும் சுவிட்சை அணைத்த நொடியில்தான்.

சனிக்கிழமையில் அதிகம் ஏன்? புரட்டாசிச் சனிக்கு ஊரே தேங்காய் வாங்குகிறது.

13 அக்டோபர், காலை 10.10

ஈசூன் அண்ணன் கேட்ட கேள்வி: கணினிக்கும் தேங்காய்க்கும் நடுவில் வயர் எப்படிப் போகிறது?

இதைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. இயந்திரமும் கணினியும் ஒரே எக்ஸ்டென்ஷன் கட்டையில் சொருகியிருக்கின்றன. அதுமட்டும் இல்லை. ஜூலையில் மேசைக்கடியில் வயர்கள் அலங்கோலமாகக் கிடந்ததைப் பார்த்து, இயந்திரத்தின் மின்வயரையும் என் மூன்று மீட்டர் யூஎஸ்பி வயரையும் சேர்த்துவைத்து, சாண் இடைவெளியில் பிளாஸ்டிக் பட்டையால் இறுக்கிக் கட்டியிருந்தேன். பார்க்க அழகாக இருந்தது. படம் எடுத்து நண்பர்களுக்கெல்லாம் அனுப்பினேன்.

13 அக்டோபர், இரவு 11.30

கடை அடைத்த பிறகு சோதனை. தேங்காய் இல்லாமல் வெறும் இயந்திரத்தை இருபது தடவை போட்டு அணைத்தேன். போடும்போது ஒன்றுமில்லை. அணைக்கும்போது மூன்று தடவை அறுந்தது. பட்டைகளை வெட்டி வயர்களைப் பிரித்தேன், இருபதில் ஒன்று. இயந்திரத்தைச் சுவரில் இருக்கும் வேறு சாக்கெட்டுக்கு மாற்றினேன், இருபதில் பூஜ்யம்.

அணைக்கும்போது ஏன் என்பதற்கு எனக்குத் தெரிந்த விளக்கம். மோட்டார் சுருளுக்குள் காந்தப் புலமாகச் சக்தி சேர்ந்திருக்கிறது. சுவிட்ச் பிரியும்போது அது போக வழியில்லாமல் சுவிட்சின் வாயில் பொறியாகப் பாய்கிறது. விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தேன், சுவிட்சுக்குள் நீல மினுக்கு தெரிகிறது. அந்தப் பொறி எல்லா அலைவரிசையிலும் இரைச்சல் போடும். பக்கத்தில் கட்டிவைத்த வயர் அதை ஆண்டெனா மாதிரி வாங்கிக்கொள்ளும்.

யூஎஸ்பி அதற்கு ஏன் இவ்வளவு பயப்படுகிறது? இந்தக் கன்வெர்ட்டர்கள் ஓடும் வேகத்தில் அதன் இரண்டு தரவுக் கம்பிகளிலும் சிக்னல் 3.3 வோல்ட்தான். இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய இரண்டரை மைக்ரோவினாடி கீழே கிடந்தால் போதும், சாதனத்தைப் பிடுங்கிவிட்டார்கள் என்று ஹப் முடிவுகட்டிவிடும். அதன் சட்டமே அப்படி. மறுபக்கம், தராசின் சீரியல் போர்ட் பேசும் ஆர்எஸ்232 அந்தக் காலத்து ஆள். ஐந்திலிருந்து பதினைந்து வோல்ட் வரை ஏறி இறங்கும். அதில் இரைச்சல் புகுந்தால் ஓர் எழுத்து கெடும், அவ்வளவுதான். அடுத்த வரியில் சரியான எடை வந்துவிடும். அதற்கு "பிடுங்கிவிட்டார்கள்" என்ற நினைப்பே கிடையாது.

அப்படியென்றால் நான் கட்டியிருந்ததே தலைகீழ். முரட்டு ஆளுக்கு ஒரு சாண் வயர், தொட்டாற்சிணுங்கிக்கு மூன்று மீட்டர்.

14 அக்டோபர், காலை 7.50

"இருபதில் மூன்று, இருபதில் ஒன்று என்பதெல்லாம் ஆதாரமா?" என்று பிடோக் தம்பி. நியாயம். தற்செயலாகவும் வரலாம். ஆனால் இன்னும் நூறு தடவை போட்டு அணைக்க மாமா விடமாட்டார். நேற்றே, "மோட்டார் போச்சுன்னா நீதான் உக்காந்து துருவணும்" என்று சொல்லிவிட்டார். இனி நடக்கும் வியாபாரமே சோதனை.

16 அக்டோபர், இரவு 9.40

இன்று செய்தது: கன்வெர்ட்டரைத் தராசின் பின்னாலிருந்து கழற்றிக் கணினியிலேயே செருகினேன், யூஎஸ்பி பக்கம் இப்போது ஒரு முழத்துக்கும் குறைவு. அங்கிருந்து தராசு வரை ஐந்து மீட்டர் ஒன்பது ஊசி சீரியல் வயர். 9600 வேகத்தில் ஆர்எஸ்232 பதினைந்து மீட்டர்கூடத் தாராளமாகப் போகும்.

முதலில் மாட்டிய வயரில் ஓர் எழுத்துகூட வரவில்லை. அரை மணி நேரம் மண்டையைப் பிய்த்துக்கொண்டபின் மீட்டர் வைத்துப் பார்த்தால் அது 'நல் மோடம்' (null modem) வயர், இரண்டாம் ஊசியும் மூன்றாம் ஊசியும் உள்ளுக்குள் மாறியிருக்கின்றன. எனக்கு வேண்டியது நேர் வயர். கடைக்காரர் சரியாகத்தான் கொடுத்தார், நான்தான் கேட்கும்போது தப்பாகக் கேட்டேன். மறுபடி ரோச்சோர், மறுபடி எட்டு வெள்ளி. போன கையோடு வயரில் வரும் இரைச்சலை அடக்கும் ஃபெரைட் வளையம் இரண்டும் வாங்கி, இயந்திரத்தின் மின்வயரில் ஒன்று, யூஎஸ்பி வயரில் ஒன்று கவ்வவிட்டேன். அவை எவ்வளவு உதவுகின்றன என்று தனியாகச் சோதிக்கவில்லை.

உட்லண்ட்ஸ் அக்கா, தராசைத் திறந்து உள்ளேயே ஒரு வளையம் போடலாமே என்றீர்கள். அது வேண்டாம் அக்கா. வியாபாரத் தராசை இங்கே சரிபார்த்து அக்யூரஸி லேபிள் ஒட்டித் தருகிறார்கள், முத்திரையைக் கிளறினால் மறுபடி சரிபார்க்க வேண்டிவரும். தீபாவளி நேரத்தில் தராசு இல்லாமல் மாமா என்னையே எடை போட்டுவிடுவார்.

17 அக்டோபர், இரவு 12.25

இத்தனை நாள் எழுதாமல் மறைத்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அறுந்தது தேங்காயின் குற்றம். ஆனால் கறிவேப்பிலைக்கு 1.240 கிலோ காட்டியது தேங்காயின் குற்றம் இல்லை.

பைத்தானின் சீரியல் நூலகம் ஒழுங்காகத்தான் கத்தியிருக்கிறது. இணைப்பு அறுந்ததும் பிழை எழுப்பும், சாதனம் கழன்றுவிட்டதா அல்லது ஒரே போர்ட்டை இரண்டு பேர் பிடித்திருக்கிறீர்களா என்று செய்தியிலேயே கேட்கும். நான் ஜூலையில் ஏதோ அவசரத்தில் அந்த இடத்தில் எழுதியிருந்தது இரண்டே சொல்: எக்ஸெப்ட், பாஸ். பிழை வந்தால் கண்டுகொள்ளாதே. அதனால் கடைசியாக வந்த எடையைத் திரை காட்டிக்கொண்டே இருந்தது. எடை காட்டாமல் நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை, பழைய எடையைப் புதியது மாதிரி காட்டுவது கடைக்காரனைத் திருடனாக்கும் வேலை.

இப்போது மாற்றியது: பிழை வந்தால் போர்ட்டை மூடு, வினாடிக்கு ஒரு தடவை மறுபடி திறக்க முயற்சி செய். ஒரு வினாடிக்கு மேல் புது எடை வரவில்லை என்றால் எண்ணை அழித்துவிட்டுச் சிவப்புக் கோடு காட்டு. திறக்கும்போது டிடிஒய்யூஎஸ்பி0 என்ற பெயரை நம்பாதே, டெவ் அடைவுக்குள் சீரியல், அதற்குள் பை-ஐடி என்ற இடத்தில் இருக்கும் பெயரால் திற. எஃப்டிடிஐயின் வரிசை எண் அந்தப் பெயரிலேயே இருப்பதால் எண் 0 ஆனாலும் 7 ஆனாலும் அது அதேதான். ஒரே மாதிரி சிஎச்340 இரண்டு வைத்திருப்பவர்களுக்கு இது உதவாது, இரண்டுக்கும் அங்கே ஒரே பெயர்தான் கிடைக்கும். அவர்கள் பை-பாத் பக்கம் போக வேண்டும், அது எந்தத் துளையில் செருகியிருக்கிறது என்பதை வைத்துப் பெயர் கொடுக்கும்.

20 அக்டோபர், மாலை 5.15

வேறு வியாதிகளோடு வந்திருப்பவர்களுக்கு, எனக்குத் தெரிந்த மட்டில்.

ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினியில் எல்லா யூஎஸ்பியும் சேர்ந்து விழுகிறது என்றவருக்கு: முதலில் மின்சாரத்தைப் பாருங்கள். பை 4இன் நான்கு போர்ட்டும் சேர்ந்து 1.2 ஆம்பியர்தான் கொடுக்கும். மின்னழுத்தம் 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் கெர்னல் பதிவில் அதுவே புலம்பும்.

ஜிக்பீ டாங்கிள் (வீட்டுக் கருவிகளோடு ரேடியோவில் பேசும் யூஎஸ்பி குச்சி) வைத்திருக்கும் செங்காங் தம்பிக்கு: அதை யூஎஸ்பி 3 போர்ட்டில் ஒட்டிச் செருகாதீர்கள். யூஎஸ்பி 3 சிதறும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸில் விழும், இன்டெல் 2012லேயே இதை எழுதிவைத்திருக்கிறது. அரை மீட்டர் வயர் போட்டுத் தள்ளிவைத்தால் போதும். ஆமாம், நான் வயரைக் குறை என்றேன், உங்களுக்குக் கூட்டு என்கிறேன். உங்களுக்கு விழுவது ரேடியோ, யூஎஸ்பி அல்ல.

செருகிய சில வினாடிக்கு ஆர்டுயினோ போர்டு உளறுகிறது என்றவருக்கு: லினக்ஸில் மோடம்களைத் தேடும் மென்பொருளான மோடம்மேனேஜரைப் பாருங்கள். உங்கள் போர்டை மோடம் என்று நினைத்து விசாரித்துக்கொண்டிருக்கலாம்.

27 அக்டோபர், இரவு 11.10

தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு. சிராங்கூன் ரோட்டில் விளக்குக்குக் கீழே நடக்க வழியில்லை. கடையில் காலையிலிருந்து தேங்காய் இயந்திரம் நிற்கவே இல்லை. பையனை எண்ணச் சொல்லியிருந்தேன், நூறுக்கு மேல் எண்ணிவிட்டுக் கைவிட்டுவிட்டான்.

பதிவில் நேற்று பூஜ்யம், இன்று ஒன்று. அந்த ஒன்று மாலை 4.22க்கு. மாமாவைக் கேட்டேன், "இல்லையே, நல்லாத்தான ஓடுச்சு" என்றார்.

ஆனால் அந்த ஒன்று எனக்கு உறுத்துகிறது. 4.22க்கு யாரும் தேங்காய் வாங்கவில்லை என்று பையன் சத்தியம் செய்கிறான்.

28 அக்டோபர், காலை 8.05

ஈசூன் அண்ணன் இடியாக இருக்கும் என்கிறார். நேற்று மழையே இல்லை அண்ணே.

2 நவம்பர், மதியம் 12.40

4.22 தெரிந்துவிட்டது. மறுபடி பதிவைப் பார்த்தேன். தேங்காயால் அறுந்தால் கன்வெர்ட்டர் ஒரு வினாடிக்குள் திரும்பிவிடும். அன்று திரும்பியது 4.36க்கு. பதினான்கு நிமிடம். பொறி பதினான்கு நிமிடம் நிற்காது.

பையனைக் கூப்பிட்டு மறுபடி கேட்டேன். தேங்காய் வாங்கவில்லை என்று சொன்னது உண்மைதான். போனில் சார்ஜ் மூன்று சதவீதத்துக்கு வந்துவிட்டதாம், கணினியில் காலித் துளை இல்லையாம், "சும்மாதானே இருந்துச்சு" என்று கன்வெர்ட்டரைப் பிடுங்கிவிட்டு போனைச் செருகியிருக்கிறான். மாமா அப்போது சாப்பிடப் போயிருந்தார். திரையில் சிவப்புக் கோடு வந்ததும் தராசு முகப்பைப் பார்த்துக் கையால் பில் எழுதிச் சமாளித்திருக்கிறான்.

முஸ்தஃபா கடையில் அவனுக்கு ஒரு சார்ஜர் வாங்கிக் கொடுத்துவிட்டேன். அதைத் தேங்காய் இயந்திரம் இருக்கும் சாக்கெட்டில்தான் மாட்டிவைத்திருக்கிறான்.